இட எண் மாறினால் மட்டும் போதுமா? ஹெச்ஜி19 பட்டியலை ஹெச்ஜி38க்கு மாற்றும் முறை

குரோமோசோம் 11இல் 5248232 என்ற இடத்தில் 'டி' என்ற எழுத்து 'ஏ' ஆக மாறியிருந்தால் அது அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மாற்றம். ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொன்றைத் திறந்தால், அதே மாற்றத்துக்கு 5227002 என்று போட்டிருப்பார்கள். யாரும் தப்பாக எழுதவில்லை. ஆளுக்கொரு ரெஃபரன்ஸ் ஜீனோம் (மனித டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி எழுத்து வரிசைக்கான பொது மாதிரி) பதிப்பை வைத்து எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் எண் ஹெச்ஜி19 என்ற பழைய பதிப்பில், இரண்டாவது ஹெச்ஜி38 என்ற புதிய பதிப்பில்.

சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று எழுதியிருக்குமே, அதேதான். வீடு நகரவில்லை, தெருவை மறுபடி எண்ணியிருக்கிறார்கள். ஜீனோமில் எதற்காக மறுபடி எண்ண வேண்டும்? பழைய பதிப்பில் படிக்க முடியாமல் விட்ட இடைவெளிகள் இருந்தன. சில துண்டுகள் தவறான இடத்திலோ தலைகீழாகவோ ஒட்டப்பட்டிருந்தன. இவற்றைத் திருத்தும்போது நடுவில் எழுத்துகள் கூடும் அல்லது குறையும். அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்ணும் நகர்ந்துவிடும்.

இந்தப் பதிவு முதன்முறையாக இந்த வேலையைச் செய்பவர்களுக்கானது. ஒரு பிரவுசரும் எக்செல் மாதிரி ஒரு விரிதாளும் போதும், எதையும் நிறுவ வேண்டாம். கோப்பு வடிவங்களையும் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கருவியில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்.

படி 1: கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இன்று புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு. 2009 பிப்ரவரியில் வந்த ஜிஆர்சிஹெச்37, 2013 டிசம்பரில் வந்த ஜிஆர்சிஹெச்38. முதலாவதை யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் என்ற இணையதளம் ஹெச்ஜி19 என்கிறது, இரண்டாவதை ஹெச்ஜி38 என்கிறது. 37க்கும் 19க்கும் என்ன சம்பந்தம் என்று குழம்ப வேண்டாம். முன்பு ரெஃபரன்ஸைத் தயாரிப்பவர்களும் யுசிஎஸ்சியும் பதிப்புகளைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள், 38இல்தான் ஒரே எண்ணுக்கு வந்தார்கள். அதற்கும் முந்தைய ஹெச்ஜி18 (2006) பழைய கட்டுரைகளில் தென்படும். 2022இல் வெளியான டி2டி என்ற முழுமையான ஜீனோமும் இருக்கிறது, அதை இங்கே தொடப்போவதில்லை. ஜிஆர்சிஹெச்38இன் பெயருக்குப் பின்னால் பி13, பி14 என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அவை ஒட்டுத் திருத்தங்கள், முக்கிய குரோமோசோம்களின் எண்களை அவை மாற்றுவதில்லை.

பட்டியலை அனுப்பியவரிடம் 'எந்த பில்ட்?' (அதாவது எந்தப் பதிப்பு) என்று கேட்பதுதான் நல்ல வழி. ஆனால் பதில் வரும்போதும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசிஎஃப் கோப்பாக (மரபணு மாற்றங்களை வரிக்கு ஒன்றாகப் பட்டியலிடும் உரைக் கோப்பு) இருந்தால் அதன் தலைப்பு வரிகளில் குரோமோசோம்களின் நீளம் இருக்கும். குரோமோசோம் 1இன் நீளம் 249250621 என்றால் ஹெச்ஜி19, 248956422 என்றால் ஹெச்ஜி38. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 23அண்ட்மீ போன்ற டிஎன்ஏ சோதனை நிறுவனங்கள் தரும் மூலக் கோப்பாக இருந்தால் முதல் சில வரிகளை வாசியுங்கள், 'பில்ட் 37' என்று அங்கேயே எழுதியிருக்கும்.

தலைப்பு வரியே இல்லாத வெறும் பட்டியலா? அப்படியானால் தெரிந்த ஒரு ஆர்எஸ் எண்ணைத் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தந்திருக்கும் அடையாள எண், பதிப்பு மாறினாலும் இது மாறாது) தேடுங்கள். ஆர்எஸ்429358 (ஏபிஓஇ மரபணு) பல பட்டியல்களில் இருக்கும். அதன் இடம் 45411941 என்றால் ஹெச்ஜி19, 44908684 என்றால் ஹெச்ஜி38.

படி 2: ஆறு இடங்களை வைத்து ஒரு ஒத்திகை

முழுப் பட்டியலையும் எடுத்தவுடன் போடாதீர்கள். விடை தெரிந்த சில இடங்களை முதலில் மாற்றிப் பாருங்கள். நான் எப்போதும் பயன்படுத்துபவை இவை. இடது பக்கம் ஹெச்ஜி19, வலது பக்கம் ஹெச்ஜி38:

ஆர்எஸ்1801133 (எம்டிஹெச்எஃப்ஆர்), குரோமோசோம் 1: 11856378 → 11796321
ஆர்எஸ்6025 (ஃபேக்டர் ஃபைவ் லைடன்), குரோமோசோம் 1: 169519049 → 169549811
ஆர்எஸ்4988235 (பெரியவரான பிறகும் பால் செரிப்பதோடு தொடர்புடையது), குரோமோசோம் 2: 136608646 → 135851076
ஆர்எஸ்334 (அரிவாள் செல்), குரோமோசோம் 11: 5248232 → 5227002
ஆர்எஸ்429358 (ஏபிஓஇ), குரோமோசோம் 19: 45411941 → 44908684
ஆர்எஸ்7412 (ஏபிஓஇ), குரோமோசோம் 19: 45412079 → 44908822

யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசரின் 'டூல்ஸ்' மெனுவில் 'லிஃப்ட்ஓவர்' இருக்கிறது. மேலே பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தேர்ந்தெடுக்க நான்கு பெட்டிகள். இரண்டு இனமும் மனிதன்தான். பழைய பதிப்பு 2009 பிப்ரவரி, புதியது 2013 டிசம்பர். இங்கே அவசரத்தில் தலைகீழாகத் தேர்ந்தெடுத்தால் கருவி முறையிடாது. பேசாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். ஒத்திகை செய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கீழே உள்ள பெரிய பெட்டியில் வரிக்கு ஒன்றாக இடங்களை ஒட்டுங்கள். வடிவம் இப்படி: 'சிஹெச்ஆர்11' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி இல்லாமல், பிறகு முக்காற்புள்ளி, தொடக்க எண், சிறுகோடு, முடிவு எண். ஒற்றை எழுத்து மாற்றத்துக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே எண். சமர்ப்பித்தால் பக்கத்தின் அடியில் எத்தனை வரி மாறின, எத்தனை மாறவில்லை என்று காட்டி, விடைக் கோப்புக்கு இணைப்பு தரும்.

விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே குரோமோசோம் 1இல் எம்டிஹெச்எஃப்ஆர் 60057 எழுத்து பின்னால் போயிருக்கிறது, ஃபேக்டர் ஃபைவ் 30762 எழுத்து முன்னால் வந்திருக்கிறது. ஆகவே 'ஒரு எண்ணைக் கழித்துவிட்டால் போச்சு' என்ற குறுக்குவழி நடக்காது. ஆனால் அருகருகே உள்ள இரண்டு ஏபிஓஇ இடங்களும் ஒரே அளவில், 503257 எழுத்து, நகர்ந்திருக்கின்றன. லிஃப்ட்ஓவர் வேலை செய்யும் விதம் இதுதான். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 'பழையதில் இங்கிருந்து இதுவரை உள்ள துண்டு புதியதில் இங்கே இருக்கிறது' என்று துண்டு துண்டாக எழுதிய கோப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் செயின் கோப்பு. ஒரு துண்டுக்குள் கழிக்கும் எண் ஒன்றே, துண்டு மாறினால் எண்ணும் மாறும். திசைக்கு ஒரு செயின் கோப்பு. 19இலிருந்து 38க்குப் போக ஒன்று, திரும்பி வர வேறொன்று.

படி 3: முழுப் பட்டியலைத் தயார் செய்தல்

மேலே சொன்ன வடிவம் ஒத்திகைக்குச் சரி, உண்மையான பட்டியலுக்குச் சரிப்படாது. அதில் ஆர்எஸ் எண்ணை ஒட்ட வழியில்லை. ஐந்தாயிரம் வரி போட்டு அதில் நாற்பது விழுந்துவிட்டால், விடையின் எந்த வரி உங்கள் எந்த வரிக்கு என்று தெரியாமல் போகும். அதனால் பெட் என்ற, இடங்களை நெடுவரிசைகளாக எழுதும் கோப்பு வடிவத்துக்கு மாறுங்கள். விரிதாளில் ஆறு நெடுவரிசைகள்:

1. குரோமோசோம் பெயர். உங்கள் பட்டியலில் வெறும் 11 என்று இருந்தால் முன்னால் 'சிஹெச்ஆர்' சேர்க்க வேண்டும்.
2. இட எண் கழித்தல் 1.
3. இட எண்.
4. அடையாளப் பெயர்.
5. பூஜ்யம்.
6. கூட்டல் குறி.

இரண்டாவது நெடுவரிசையில் ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும்? விசிஎஃப் கோப்பும் ஆய்வுக் கட்டுரைகளும் முதல் எழுத்தை 1 என்று எண்ணுகின்றன. பெட் வடிவம் 0 என்று எண்ணத் தொடங்கும், முடிவு எண்ணில் இருக்கும் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே 5248232ஆம் எழுத்து பெட் மொழியில் '5248231 முதல் 5248232 வரை'. மாற்றி முடித்த பிறகு உங்களுக்கு வேண்டிய புதிய இட எண் மூன்றாவது நெடுவரிசையில் இருக்கும். இந்த ஒரு எண் பிசகுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. மோசம் என்னவென்றால், பிசகினாலும் லிஃப்ட்ஓவர் சந்தோஷமாகப் பக்கத்து எழுத்தை மாற்றிக் கொடுத்துவிடும்.

நான்காவது நெடுவரிசையில் ஆர்எஸ் எண், பழைய இட எண், ரெஃப் எழுத்து, ஆல்ட் எழுத்து நான்கையும் அடிக்கோட்டால் இணைத்து ஒரே சொல்லாகப் போட்டுவிடுங்கள். ரெஃப் என்பது ரெஃபரன்ஸ் ஜீனோமில் அந்த இடத்தில் இருக்கும் எழுத்து, ஆல்ட் என்பது அதற்கு மாற்றாகக் காணப்பட்ட எழுத்து. இந்த நெடுவரிசையில் இடைவெளி வரக்கூடாது. மரபணுப் பெயரையும் சேர்க்கத் தோன்றும். எக்செலில் வேண்டாம். 'செப்ட்', 'மார்ச்' என்று தொடங்கி எண்ணில் முடியும் பெயர்களை அது தேதியாக்கிவிடும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 2020இல் அந்த மரபணுக்களின் அதிகாரப்பூர்வப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது.

ஐந்தாவது நெடுவரிசை சும்மா இடம் நிரப்ப. ஆறாவதில் உள்ள கூட்டல் குறி முக்கியம், படி 6இல் கைகொடுக்கும்.

தலைப்பு வரியை நீக்கிவிட்டு, டேப் பிரித்த உரைக் கோப்பாகச் சேமியுங்கள். எக்செல் தாளில் 10,48,576 வரிதான் கொள்ளும். பட்டியல் அதைவிடப் பெரிதென்றால் விரிதாள் வழியே வேண்டாம், கடைசியில் சொல்லும் கருவிகளுக்குப் போய்விடுங்கள்.

ஒரு விஷயம். இந்தக் கோப்பில் இடங்கள் மட்டும் இருக்கட்டும், ஒருவருக்கு அந்த இடத்தில் என்ன ஜீனோடைப் (அவருடைய இரண்டு பிரதிகளிலும் உள்ள எழுத்துகள்) என்பது வேண்டாம். வெளி சர்வருக்கு அது போக வேண்டிய தேவையே இல்லை. நோயாளிகளின் தரவு என்றால் இணையத்தில் எதையும் ஒட்டாமல், உங்கள் கணினியிலேயே ஓடும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

படி 4: மாற்றுதல்

கோப்பை ஏற்றிச் சமர்ப்பிக்க வேண்டியதுதான். '0.95' என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரு பகுதியின் எழுத்துகளில் எவ்வளவு பங்கு புதிய பதிப்பில் பொருந்த வேண்டும் என்பதற்கான அளவு அது. ஒற்றை எழுத்து மாற்றங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அப்படியே விடுங்கள். 'பல இடங்களில் பொருந்தினாலும் தரவா' என்ற தேர்வையும் தொடாதீர்கள்.

படி 5: விழுந்த வரிகள்

மாறாத வரிகள் தனிக் கோப்பாக வரும், ஒவ்வொன்றின் மேலும் '#' குறியோடு காரணம் இருக்கும். 'டெலிட்டட் இன் நியூ' என்றால் அந்த இடத்துக்குப் புதிய பதிப்பில் ஜோடி இல்லை. 'பார்ஷியலி டெலிட்டட்', 'ஸ்பிளிட்' இரண்டும் நீளமான பகுதிகளுக்கு வருபவை: ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது அல்லது பகுதி உடைந்து சிதறியிருக்கிறது. 'டூப்ளிகேட்டட்' என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பொருந்துகிறது.

விழுந்த வரிக்கு ஆர்எஸ் எண் இருந்தால் அதை, ஆர்எஸ் எண்களைத் தரும் தரவுத்தளமான டிபிஸ்னிப்பின் தளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இரண்டு பதிப்புகளின் இடமும் போட்டிருக்கும். அங்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 0.95ஐக் குறைத்து, எப்படியாவது மாறவைத்துவிடலாம் என்று முயல வேண்டாம். அப்படிக் கிடைக்கும் எண்ணை எதை நம்பிப் பயன்படுத்துவீர்கள்?

மாறிய வரிகளிலும் ஒரு வடிகட்டல் உண்டு. பழைய குரோமோசோமும் புதிய குரோமோசோமும் ஒன்றுதானா என்று பாருங்கள். சில வரிகள் வேறு குரோமோசோமில் போய் விழும். சில, பெயரின் கடைசியில் 'ஆல்ட்' அல்லது 'ரேண்டம்' என்று வரும் துணைத் துண்டுகளில் விழும். தொடக்கநிலைக்கு இவற்றை ஒதுக்கி வைப்பதே நல்லது. மைட்டோகாண்ட்ரியாவையும் தனியாகப் பாருங்கள். யுசிஎஸ்சியின் ஹெச்ஜி19இல் முதலில் வைத்திருந்த மைட்டோகாண்ட்ரியா 16571 எழுத்து நீளமுள்ள வேறொரு வரிசை. ஜிஆர்சிஹெச்37 என்று பெயரிட்ட கோப்புகளில் பெரும்பாலும் இருப்பது 16569 எழுத்து வரிசை, ஹெச்ஜி38இலும் அதுவேதான். உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை என்றால் மைட்டோகாண்ட்ரியா எண்களை மாற்றவே தேவையில்லை.

படி 6: எழுத்தைச் சரிபாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் படி 5உடன் முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மரபணு மாற்றம் என்பது ஓர் இடமும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்தது. லிஃப்ட்ஓவர் நகர்த்தியது இடத்தை மட்டும்தான். எழுத்துகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒத்திகைப் பட்டியலில் இருந்த ஆர்எஸ்6025ஐ எடுத்துக்கொள்வோம். ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்பது ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் மாற்றம். குரோமோசோமின் கூட்டல் இழையில் (டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ரெஃபரன்ஸ் ஜீனோம் எழுதியிருக்கும் இழை) 'சி' இருந்தால் இயல்பு, 'டி' இருந்தால் லைடன். ரெஃபரன்ஸ் ஜீனோம் என்பது ஆரோக்கியமான இலட்சிய மனிதருடையது அல்ல. சில நன்கொடையாளர்களின் டிஎன்ஏவிலிருந்து ஒட்டிச் சேர்த்தது. ஹெச்ஜி19இல் இந்த இடத்துக்குப் பயன்பட்ட துண்டில் அபாய எழுத்தான 'டி'தான் இருந்தது. ஹெச்ஜி38இல் அதை 'சி' ஆக்கிவிட்டார்கள்.

இதனால் என்ன ஆகிறது? ஹெச்ஜி19 விசிஎஃப் கோப்பில் ரெஃப் 'டி', ஆல்ட் 'சி'. லைடன் இல்லாத ஒருவர், அதாவது நம்மில் பெரும்பாலோர், அங்கே '1/1' (பிரதிக்கு ஒரு எண்: 0 என்றால் ரெஃப், 1 என்றால் ஆல்ட்) என்று பதிவாவார்கள், ஏதோ இரண்டு பிரதியிலும் மாற்றம் உள்ளவர் போல. இட எண்ணை மட்டும் 169549811 என்று மாற்றி, ஜீனோடைப்பை அப்படியே விட்டால், ஹெச்ஜி38ஐ வைத்து வாசிக்கும் மென்பொருள் 'ரெஃப் சி, ஆல்ட் டி, 1/1' என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அப்போது எந்தக் குறையும் இல்லாதவர் இரண்டு பிரதியிலும் லைடன் உள்ளவராகிவிடுவார். இட எண் நூற்றுக்கு நூறு சரி, முடிவு தலைகீழ்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பொல்லாதது. இரண்டு பிரதியிலும் லைடன் உள்ளவர் ஹெச்ஜி19இன் கண்ணில் '0/0', ரெஃபரன்ஸோடு முழுக்கப் பொருந்துபவர். வழக்கமான ஒரு நபர் விசிஎஃப் கோப்பில் ரெஃபரன்ஸிலிருந்து மாறுபடும் இடங்களை மட்டும்தான் எழுதுவார்கள். ஆகவே அவருடைய கோப்பில் இந்த வரியே இருக்காது. இல்லாத வரியை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. இப்படி ரெஃப் எழுத்தே மாறிய இடங்களுக்கு அசல் தரவுக்குத் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? சில இடங்கள்தான் என்றால் ஹெச்ஜி38 பிரவுசரில் புதிய இட எண்ணைத் தேடி, எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அங்கே உள்ள எழுத்து உங்கள் பழைய ரெஃப் எழுத்தா? ஆம் என்றால் அந்த வரி முடிந்தது. இல்லையென்றால் மூன்று சாத்தியங்கள்.

ஒன்று, அங்கே இருப்பது உங்கள் ஆல்ட் எழுத்து. லைடன் மாதிரி ரெஃபும் ஆல்ட்டும் இடம் மாறியிருக்கின்றன. எழுத்துகளை மாற்றிப் போட்டு, ஜீனோடைப்பையும் திருப்ப வேண்டும்: 0/0 என்பது 1/1 ஆகும், 1/1 என்பது 0/0 ஆகும். அலீல் அலைவெண் (ஆல்ட் எழுத்து மக்களிடம் எவ்வளவு பங்கு காணப்படுகிறது என்பது) இருந்தால் அதை 1இலிருந்து கழிக்க வேண்டும்.

இரண்டு, அந்தத் துண்டு புதிய பதிப்பில் தலைகீழாகத் திருப்பி ஒட்டப்பட்டிருக்கிறது. அப்போது ஏ என்பது டி ஆகும், சி என்பது ஜி ஆகும். இங்கேதான் ஆறாவது நெடுவரிசை உதவும்: திரும்பிய துண்டுகளில் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறி வந்திருக்கும். எழுத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அரிவாள் செல் மாற்றத்தையே பாருங்கள், டி என்பது ஏ ஆகிறது. இதைத் திருப்பினால் ஏ என்பது டி ஆகிறது. இழை திரும்பியதா, ரெஃப்-ஆல்ட் இடம் மாறியதா என்று எழுத்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? (இந்தக் குறிப்பிட்ட இடத்தில் இரண்டுமே நடக்கவில்லை.) ஏ-டி, சி-ஜி ஜோடிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

மூன்று, ரெஃபும் இல்லை, ஆல்ட்டும் இல்லை, திருப்பினாலும் பொருந்தவில்லை. ஓரிரு வரி என்றால் ஒதுக்கிவிடுங்கள். பட்டியலில் பாதிக்கு மேல் இப்படி என்றால் குற்றவாளி லிஃப்ட்ஓவர் இல்லை. படி 3க்குப் போய் அந்த 'கழித்தல் 1' ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு படி 1.

விசிஎஃப் கோப்பு முழுவதையும் மாற்ற வேண்டுமென்றால்

எழுத்துச் சரிபார்ப்பை லட்சக்கணக்கான வரிக்குக் கையால் செய்ய முடியாது. உங்கள் கணினியில் கட்டளை வரியில் ஓடும் மூன்று கருவிகள் இதற்கு இருக்கின்றன. செயின் கோப்போடு புதிய பதிப்பின் முழு ஜீனோம் கோப்பையும் இவற்றுக்குக் கொடுக்க வேண்டும், எழுத்தை ஒப்பிட அதுதான் ஆதாரம்.

பிக்கார்டின் லிஃப்ட்ஓவர்விசிஎஃப் கறாரானது. புதிய ரெஃப் பொருந்தாத வரியைத் தூக்கி நிராகரிப்புக் கோப்பில் போட்டுவிடும். இடம் மாறிய ரெஃப்-ஆல்ட்டை மீட்க ஒரு விருப்பத் தேர்வு உண்டு, அதை நாமாக இயக்க வேண்டும். கிராஸ்மேப் நிறுவ எளிது. ரெஃப் எழுத்தைப் புதிய ஜீனோமிலிருந்து எடுத்துப் போடும், அதன்பின் ரெஃபும் ஆல்ட்டும் ஒன்றாகிவிட்டால் அந்த வரியை ஒதுக்கிவிடும். ஆகவே லைடன் மாதிரி இடங்கள் அதில் காணாமல் போகும். 2024இல் விரிவான கட்டுரையோடு வந்த பிசிஎஃப்டூல்ஸ் லிஃப்ட்ஓவர் செருகுநிரல் பழையது, புதியது இரண்டு ஜீனோம் கோப்புகளையும் கேட்கும். எழுத்துச் செருகல், நீக்கல்களையும் இடம் மாறிய அலீல்களையும் கவனமாகக் கையாள்கிறது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எதைப் பயன்படுத்தினாலும் ஒதுக்கிய வரிகளின் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஆர்எஸ்6025 கிடக்கிறதா என்பது நல்ல சோதனை.

எப்போது மாற்றவே கூடாது?

சீக்வென்சிங்கில், அதாவது டிஎன்ஏவை எழுத்தெழுத்தாக வாசித்ததில், கிடைத்த துண்டுகள் உள்ள கோப்புகள் (ஃபாஸ்ட்க்யூ, பேம்) கையில் இருந்தால், நேரமும் கணினி வசதியும் இருந்தால், ஹெச்ஜி38இல் முதலிலிருந்து மறுபடி பொருத்துங்கள். பழைய பதிப்பில் இல்லாத பகுதியில் உள்ள மாற்றங்கள் அப்போதுதான் கிடைக்கும். நோயாளிக்கு அறிக்கை தரும் வேலை என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

பல ஆயிரம் எழுத்து நீளமுள்ள நீக்கல்களுக்கும் இரட்டிப்புகளுக்கும் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிவிட்டு நடுவில் என்ன ஆனது என்று பார்க்காமல் விடுவது ஆபத்து. ஹெச்ஜி18 பட்டியல் இருந்தால் 19க்குப் போய் அங்கிருந்து 38க்குப் போகாதீர்கள். நேரடி செயின் கோப்பு இருக்கிறது, ஒவ்வொரு தாவலிலும் சில வரிகள் உதிரும்.

கோப்பைச் சேமிக்கும்போது பெயரிலேயே பதிப்பைப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு சிறிய உரைக் கோப்பில் எந்தச் செயின் கோப்பு, எந்தக் கருவி, அதன் பதிப்பு எண், எத்தனை வரி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, எத்தனையில் ரெஃப் மாறியது என்று எழுதி வையுங்கள். விழுந்த வரிகளின் கோப்பையும் அழிக்காமல் அதே ஃபோல்டரில் வையுங்கள்.